தாடை வீக்கமும் ஒலிப்படமும்

சென்ற மாதம் சுங்கை சிப்புட் வட்டாரத்திலுள்ள பழைய ரப்பர்த் தோட்டம் ஒன்றுக்குச் சென்றிருந்தோம். பழைய தோட்டம் என்று நாம் குறிப்பிடுவதற்குக் காரணம் உண்டு. அங்கு நின்ற பால்மரங்களுள் பெரும்பகுதி அழிக்கப்பட்டுச் செம்பனை நடப்பட்டுப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. மலையோரத்துச் சில நிரைகளில் மட்டுமே இன்றும் பால்வெட்டு நடைபெறுகின்றது. ஆயினும், விடியற்காலைப் பெரட்டுக்கு எழுந்து பழகி, நாற்பது ஆண்டுகள் உளி பிடித்துக் கை காய்த்துப்போன முதியோர் பலர் அத்தோட்டத்து லயங்களில் இன்னும் வாழ்ந்து வருகின்றனர்.

அவர்களுள் ஒரு மூதாட்டியாருக்கு வலப்பக்கத் தாடையின் கீழே எலுமிச்சங்காய் அளவுக்கு வீங்கியிருந்தது. கழுத்தில் மருமகளின் பொற்சங்கிலியை அணிந்திருந்தார். ‘பொன்னுக்கு வீங்கி’யாக இருக்கலாம், பொன் அணிந்தால் வற்றிவிடும் என்று அண்டை வீட்டார் கூறியதன் பேரில் செய்த ஏற்பாடு அது. வீக்கம் தோன்றி இரண்டு திங்கள் ஆகியும் வற்றவில்லை. சுகாதார நிலையத்தில் காட்டியபொழுது, ஈப்போவிலுள்ள ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனைக்குச் செல்லுமாறு அட்டை எழுதிக் கொடுத்துள்ளனர். அட்டையில் குறித்திருந்த நாளும் கடந்துவிட்டது. ஏன் போகவில்லை என்று வினவினோம்.

“ஸ்கேன் எடுக்கணும்னு எழுதியிருக்காங்க ஐயா. ஸ்கேன் வயித்துப் பிள்ளைக்காரிக்கு எடுக்கிறதுதானே? பேரன் எஸ்.பி.எம். எழுதப் போறான். இந்த வயசுல நான் போய் ஸ்கேனுக்குப் படுத்தா ஊரு சிரிக்காதா?”

நாம் சிரிக்கவில்லை. அவர் கூறியதில் ஒரு நியாயம் இருந்தது. நம் தோட்டமக்கள் ஸ்கேன் என்னும் கருவியைக் கண்டிருந்தால் அதைத் தாய்சேய் நல நிலையத்தில்தான் கண்டிருப்பர். கருவிலுள்ள குழந்தையின் தலையையும் கையையும் காலையும் காட்டும் அதே கருவி, கன்னத்திலும் கழுத்திலும் தாடைக்கு அடியிலும் மறைந்திருப்பனவற்றையும் காட்டவல்லது என்பதை அவருக்கு எவரும் எடுத்துரைக்கவில்லை. வாய், முக அறுவை மருத்துவத்தில் அக்கருவி எவ்வாறு பயன்படுகின்றது என்பதை இத்திங்கள் காண்போம்.

ஒலியே கண்ணாதல்

ஈப்போவைச் சூழ்ந்துள்ள சுண்ணாம்புக் குன்றுகளின் குகைகளில் பூச்சி தின்னும் சிறு வௌவால்கள் வாழ்கின்றன. கும்மிருட்டிலும் அவை பாறையில் மோதிக்கொள்வதில்லை. பறந்துகொண்டே நம் செவிக்கு எட்டாத கூர்மையான ஒலியை எழுப்பி, அது பாறையிலோ பூச்சியிலோ பட்டுத் திரும்பி வருவதைக் கொண்டு, எதிரே இருப்பது இன்ன பொருள், இவ்வளவு தொலைவில் உள்ளது என்று அவை அறிந்துகொள்கின்றன. பங்கோர்த் தீவின் மீன்பிடி படகுகளில் உள்ள கருவியும் இதே முறையில்தான் கடலுக்குள் ஒலியை அனுப்பிக் கடலடியின் ஆழத்தையும் மீன் கூட்டம் நிற்கும் இடத்தையும் காட்டுகின்றது.

மனிதச் செவி விநாடிக்கு 20 முதல் 20,000 வரையிலான அதிர்வுகளையே ஒலியாக உணரும். அதற்கு மேற்பட்டதை மீயொலி என்பர். மருத்துவர் பயன்படுத்தும் மீயொலியோ மிக மிக உயர்ந்தது. முகத்தையும் கழுத்தையும் காண்பதற்கு விநாடிக்குச் சற்றேறக்குறைய 70 இலட்சம் முதல் 150 இலட்சம் வரையிலான அதிர்வுகளைக் கையாளுகின்றனர். அதிர்வு மிகுந்தால் படம் நுணுக்கமாகத் தெரியும். ஆயின் ஒலி ஆழத்துக்குச் செல்லாது. முகத்திலும் கழுத்திலும் பார்க்க வேண்டியவை பெரும்பாலும் தோலுக்கு அடுத்தாற்போல் இருப்பதால் இக்குறை பெரிதாக இடையூறு செய்வதில்லை.

மென்மையான சதைக்குள் ஒலி விநாடிக்கு 1,540 மீட்டர் வேகத்தில் செல்கின்றது. ஒரு சென்டிமீட்டர் ஆழத்திலுள்ள ஒன்றில் பட்டுத் திரும்புவதற்கு அதற்கு ஆகும் நேரம், ஒரு விநாடியைப் பத்து இலட்சம் கூறாக்கினால் அவற்றுள் 13 கூறு மட்டுமே. கருவி இந்நேரத்தை அளந்து, திரும்பி வந்த ஒலி வலிதாயின் வெண்மையாகவும், மெலிதாயின் சாம்பல் நிறமாகவும், ஒன்றும் திரும்பாவிடில் கருமையாகவும் திரையில் புள்ளியிடுகின்றது. இவ்வாறு எண்ணிறந்த புள்ளிகள் சேர்ந்து படமாகின்றன. நீர், சீழ் போன்றவை பெரும்பாலும் கருமையாகத் தோன்றும். கல்லும் எலும்பும் வெண்மையாக ஒளிரும். அவற்றின் பின்னே நிழல் விழும்.

தோலின் மீது குளிர்ந்த பசை ஒன்றைத் தடவுகின்றார்களே, அது எதற்கு என்று பலர் கேட்பதுண்டு. அது மருந்தன்று. கருவிக்கும் தோலுக்கும் இடையே இம்மியளவு காற்று இருந்தாலும் ஒலி உள்ளே நுழையாமல் திரும்பிவிடும். அக்காற்றை விலக்கவே பசை. துடைத்தால் போய்விடும்.

இக்கருவி மருத்துவமனையில் பிறந்ததன்று. இரும்பில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் உள்ளதா என்று பார்ப்பதற்காகத் தொழிற்சாலைகளில் இருந்த கருவியே இதற்கு மூலம். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்து மகப்பேற்று மருத்துவர் ஈயன் டொனால்டு என்பார் 1955-ஆம் ஆண்டில், நோயாளிகளிடமிருந்து அறுத்தெடுத்த கட்டிகளைக் காரில் ஏற்றிக்கொண்டு, கொதிகலன் செய்யும் ஆலை ஒன்றுக்குச் சென்றார். ஒப்புநோக்குவதற்காக ஒரு மாட்டிறைச்சித் துண்டும் அங்கே வைக்கப்பட்டது. இரும்பைச் சோதிக்கும் கருவி, நீர்க்கட்டிக்கும் திண்ணிய சதைக்கட்டிக்கும் உள்ள வேறுபாட்டைக் காட்டிக் கொடுத்தது. தம் ஆய்வு முடிவுகளை அவரும் அவர்தம் துணைவரும் 1958-இல் வெளியிட்டனர். மகப்பேற்று மருத்துவர் ஒருவர் தொடங்கி வைத்தமையால் ஸ்கேன் கர்ப்பிணிகளுக்கே உரியது என்னும் எண்ணம் வேரூன்றியது போலும்! ஆயின் அவர் முதலில் தேடியது குழந்தையை அன்று, கட்டியையே.

எக்ஸ்ரே கதிர்வீச்சு இதில் இல்லை. கர்ப்பிணிக்கே தீங்கில்லை என்று பயன்படுத்தப்படும் ஒன்று, கன்னத்தில் வைத்தால் கேடு செய்யுமோ என்று அஞ்ச வேண்டுவதில்லை. மின்சாரம் உடம்பில் பாயும் என்பதும் வீண் அச்சமே.

கன்னத்திலும் கழுத்திலும் காண்பவை

தாடை வீக்கம் என்பது ஒரே நோயன்று. சோறு உண்ண அமர்ந்தவுடன் தாடையின் கீழே புடைத்து வலித்து, ஓரிரு மணி நேரம் சென்றபின் தானே தணிந்துவிடும் வீக்கம் ஒன்று உண்டு. புளிக்குழம்போ எலுமிச்சை ஊறுகாயோ இலையில் இருந்தால் வலி கூடுதலாகும். இது உமிழ்நீர்ச் சுரப்பியில் கல் அடைத்திருப்பதன் அறிகுறியாக இருக்கலாம். சிறுநீரகத்தில் கல் உண்டாவதை யாவரும் கேள்விப்பட்டிருப்போம். உமிழ்நீர்க் குழாயிலும் கல் உண்டாகும். அவற்றுள் நூற்றுக்கு எண்பது வரை கீழ்த்தாடைக்கு அடியிலுள்ள சுரப்பியிலேயே தோன்றுகின்றன. வாய் ஊறும்போது சுரந்த நீர் வெளியேற வழியின்றித் தேங்கிச் சுரப்பியைப் புடைக்கச் செய்கின்றது. ஒலிப்படத்தில் அக்கல் வெண்பொட்டாகவும் அதன் பின்னே கரிய நிழற்கோடாகவும் தெரியும். மிகச் சிறிய கல் சில வேளை கண்ணுக்குத் தப்பிவிடுவதும் உண்டு. கல் குழாயின் வாய்ப்பக்கத்தில் இருந்தால் நாக்கின் அடியில் சிறிதே கீறி எடுத்துவிடலாம்; சுரப்பியின் உட்புறத்தில் புதைந்திருந்தால் வேறு முறை வேண்டும். எங்கே இருக்கின்றது என்பதை முன்னரே அறிவதால் கீற வேண்டிய இடமும் அளவும் தெளிவாகின்றன.

சொத்தைப் பல்லால் வரும் வீக்கம் வேறு. இதற்கு நம் மக்கள் செய்யும் கைவைத்தியம் பலவாகும். மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பற்றிடுவர், பச்சிலை வைத்துக் கட்டுவர், கிராம்பைக் கடித்துக்கொள்வர். வலி சற்றுத் தணியலாம். பல்லின் வேரிலிருந்து கன்னத்துக்குள் பரவும் சீழ் தணிவதில்லை. மருத்துவர் அங்கே அறிய விரும்புவது ஒன்றுதான்: சீழ் கட்டிவிட்டதா, அல்லது சதை வெறுமே அழன்று வீங்கியுள்ளதா? சீழ் கட்டியிருந்தால் கீறி வெளியேற்ற வேண்டும். கட்டாத இடத்தில் கீறினால் பயனின்றிப் புண்ணாகும். விரலால் அழுத்திப் பார்த்து இதை அறிவதே பழைய வழக்கம். தேர்ந்த விரலும் பிழைபடுவதுண்டு. ஒலிப்படம் அவ்விரலுக்குத் துணையாகின்றது. வேண்டுமாயின் படத்தைப் பார்த்தபடியே ஊசியைச் செலுத்திச் சீழை உறிஞ்சி எடுக்கவும் இயலும்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை கூற வேண்டும். தாடையின் இருபுறமும் கீழே மரக்கட்டை போல் வீங்கி, நாக்கு மேலெழும்பி, எச்சில் விழுங்க முடியாமல் வழிந்து, குரல் மாறி, மூச்சு முட்டினால், அது ஸ்கேனுக்கு நாள் குறித்துக் காத்திருக்கும் நோயன்று. 1836-இல் ஜெர்மானிய மருத்துவர் லூத்விக் விளக்கியமையால் அவர் பெயராலேயே அது வழங்குகின்றது. பெரும்பாலும் கீழ்க்கடைவாய்ப் பல்லின் சீழே அதற்குக் காரணம். மூச்சுக்குழல் அடைபட்டுச் சில மணி நேரத்தில் உயிர் போகக்கூடும். இரவானாலும் விழா நாளானாலும் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு உடனே கொண்டு செல்லல் வேண்டும்.

பிறவியிலிருந்தே கன்னத்திலோ உதட்டிலோ நீலம் பாரித்த மெத்தென்ற புடைப்பு உள்ளவர்களைக் காண்கின்றோம். அது இரத்த நாளங்களின் முடிச்சாக இருக்கலாம். அறியாமல் கத்தி வைத்தால் குருதி பெருகி இடர் நேரும். சுங்கை சிப்புட் நிலையத்தை நோக்கி வரும் இரயிலின் ஊதல், நம்மைக் கடந்து சென்றதும் சுருதி இறங்கிக் கேட்பதைக் கவனித்திருப்பீர்கள். 1842-இல் டாப்ளர் என்னும் அறிஞர் எடுத்துரைத்த இவ்வியல்பைக் கொண்டே, குருதி எத்திசையில் எவ்வளவு விரைவாக ஓடுகின்றது என்பதை இக்கருவி வண்ணம் தீட்டிக் காட்டுகின்றது. அறுவை மருத்துவர் கத்தியை எடுக்குமுன் அதைக் கண்டறிந்து கொள்கின்றார்.

இனி, யாவரும் அஞ்சும் புற்றுநோய்க்கு வருவோம். நாக்கிலோ கன்னத்தின் உட்புறத்திலோ தோன்றும் புற்று, வளர்ந்தபின் முதலில் சென்று தங்கும் இடம் கழுத்திலுள்ள நிணநீர்க் கணுக்களே. நலமான கணு அவரை விதை போல் நீள்வட்டமாக, நடுவே வெண்மையான ஒரு கோட்டுடன் தெரியும். புற்று புகுந்த கணு பெரும்பாலும் உருண்டு, அவ்வெண்கோட்டை இழந்து, சில வேளை நடுவில் அழுகித் தோன்றும். ஐயத்துக்குரிய கணுவைத் திரையில் பார்த்துக்கொண்டே மெல்லிய ஊசியால் சில உயிரணுக்களை எடுத்து நுண்ணோக்கியில் சோதிப்பர். குருட்டுத்தனமாகக் குத்துவதைவிட இது மேலானது என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

நாக்குப் புற்றில் வேறொரு பயனும் உண்டு. பால்வெட்டும் தொழிலாளிக்கு இதை எளிதில் விளக்கலாம். மரத்தின் பட்டையை எவ்வளவு ஆழம் சீவுவது என்பதில்தான் அத்தொழிலின் நுட்பமெல்லாம் அடங்கியுள்ளது. மேலாகச் சீவினால் பால் குறையும்; ஒரு மில்லிமீட்டர் கூடிவிட்டால் மரத்தில் காயம் விழுந்து முடிச்சு கட்டும். புதிதாக வந்தவன் அகலத்தைப் பார்ப்பான். கைதேர்ந்தவன் ஆழத்தைப் பார்ப்பான். புற்றுநோய் மருத்துவமும் இவ்வழியே சென்றுள்ளது. முற்காலத்தில் வாய்ப் புற்றின் நிலையை அதன் அகலத்தைக் கொண்டே வகுத்தனர். 2018 முதல் நடைமுறைக்கு வந்த அனைத்துலக வகுப்பு முறையில் ஆழமும் சேர்க்கப்பட்டது. 5 மில்லிமீட்டருக்கு மேல் ஆழம் சென்ற புற்று, அகலத்தில் சிறியதாயினும், முதல் நிலையாகக் கருதப்படுவதில்லை. வாய்க்குள் வைக்கத்தக்க சிறிய ஒலிக்கருவியால் நாக்குப் புற்றின் தடிப்பை அறுவைக்கு முன்னரே அளக்க இயலும். எவ்வளவு வெட்டுவது, கழுத்துக் கணுக்களையும் அகற்றுவதா என்னும் முடிவுகளுக்கு அவ்வளவு உதவுகின்றது.

பாக்கு மெல்வோர் சிலருக்கு வாயின் உட்சவ்வு நார்போல் இறுகி, நாளடைவில் இரண்டு விரல் நுழையும் அளவுக்குக்கூட வாய் திறவாமற் போகும். காரம் பட்டால் எரியும். கென்யா நாட்டில் குடியேறிய இந்தியப் பெண்கள் ஐவரிடம் இந்நோயைக் கண்டு 1952-இல் ஒரு மருத்துவர் எழுதினார். கடல் கடந்தாலும் பாக்கும் அதன் வினையும் உடன் சென்றுள்ளன. இறுகிய கன்னத்தின் தடிப்பை மீயொலியால் அளக்கும் முறையைத் தமிழ்நாட்டு ஆய்வாளரும் ஆராய்ந்துள்ளனர். நார் கட்டிய இடம் திரையில் வெண்மையாகத் தெரியும். கன்னத்தைக் கீறாமலேயே இறுக்கம் கூடுகின்றதா குறைகின்றதா என்று பார்த்துவர இது வழி செய்கின்றது.

காட்டாதவை

கருவியின் பெருமையைக் கூறிவிட்டு அதன் சிறுமையை மறைப்பது முறையன்று. எலும்பைத் துளைத்து மீயொலி செல்லாது. தாடையெலும்பினுள் இருக்கும் கட்டியையும், பல்லின் வேரையும், பெரும்பாலான எலும்பு முறிவுகளையும் காண எக்ஸ்ரேயோ சி.டி. படமோ வேண்டும். மோட்டார் சைக்கிள் விபத்தில் கன்ன எலும்பின் வெளிவளைவு முறிந்திருந்தால் அதன் மேற்பரப்பில் உள்ள ஒடிவை மட்டும் ஒலிப்படம் காட்டும். கழுத்தின் ஆழத்தில் பரவிய சீழுக்கும் சி.டி. படமே ஏற்றது.

இதைவிட முதன்மையான ஒன்று உண்டு. கன்னத்தின் உட்புறத்தில் தோன்றும் வெண்திட்டையோ செந்திட்டையோ கழுத்தில் வைத்த கருவி காட்டாது. அதைக் காட்டுவது வெளிச்சமும் கண்ணுமே. ‘ஸ்கேன் எடுத்தாயிற்று, ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்கள்’ என்று நிறைவு கொள்வோரை நாம் கண்டிருக்கின்றோம். கழுத்தில் ஒன்றுமில்லை என்றால் வாயிலும் ஒன்றுமில்லை என்பது பொருளன்று.

புற்றா அன்றா என்பதைத் தீர்த்துச் சொல்ல, ஐயத்துக்குரிய இடத்திலிருந்து சிறு துணுக்கை எடுத்துச் சோதித்தல் வேண்டும். கத்தி பட்டால் புற்று பரவிவிடும் என்னும் அச்சம் நம்மவரிடையே ஆழ வேரூன்றியுள்ளது. இதற்கு ஒரு காரணம் தெரிகின்றது. நெடுங்காலம் மறைத்து வைத்திருந்து, முற்றிய பின்னர் மருத்துவமனைக்குச் சென்று, அறுவைக்குப் பின் இறந்தவர்களை அவர்கள் கண்டுள்ளனர். கத்திதான் கொன்றது என்று எண்ணிவிட்டனர். உண்மையில் கொன்றது காலத்தாழ்வு. துணுக்கு எடுப்பதை மறுப்பவர், தமக்கு என்ன நோய் என்பதையே அறிய மறுக்கின்றார்.

கணுக்களில் புகுந்த புற்று மிக நுண்ணியதாக இருந்தால் எந்தப் படமும் அதைக் காட்டாது. ஆகவேதான் கழுத்துப் படம் தெளிவாக இருந்தும், கணுக்களை அகற்ற வேண்டும் என்று மருத்துவர் சில வேளை கூறுகின்றார். மும்பையிலுள்ள டாட்டா நினைவு மருத்துவமனையினர், தொடக்க நிலை வாய்ப் புற்றாளரைக் கொண்டு நடத்திய ஆய்வின் முடிவை 2015-இல் வெளியிட்டனர். கழுத்தில் கட்டி ஏதும் தென்படாத நிலையிலேயே கணுக்களையும் சேர்த்து அகற்றியவர்களுள் மூன்றாண்டுக்குப் பின் உயிருடன் இருந்தோர் நூற்றுக்கு 80 பேர். கட்டி தோன்றட்டும் என்று காத்திருந்து அகற்றியவர்களுள் 67.5 பேர். ‘இல்லாத கட்டிக்கு ஏன் கழுத்தை வெட்டுகின்றார்கள்’ என்று சினந்து கேட்பவருக்கு இதுவே விடை.

வெட்டும் ஒலி

பார்ப்பதற்கு மட்டுமன்றிச் செய்வதற்கும் மீயொலி உதவுகின்றது. பல் மருத்துவ நிலையத்தில் காறையை அகற்றும்போது ‘உய்ய்’ என்று ஒலித்துத் தண்ணீர் தெளிக்கும் கருவி மீயொலிக் கருவியே. வெற்றிலை மெல்வோரின் பல்லில் படியும் காவிக் கறையும் கரிய காறையும் அதன் நுனி பட்டதும் உடைந்து உதிரும். இவ்வாறு சுத்தம் செய்தால் பல் ஆட்டம் காணும் என்பது தோட்டந்தோறும் நாம் கேட்கும் குற்றச்சாட்டு. ஈறு அழிந்து முன்னமே ஆடத் தொடங்கிய பல்லைக் காறை பிடித்து வைத்திருந்தது. காறை போனதும் பழைய ஆட்டம் வெளிப்பட்டது. அவ்வளவே.

எலும்பை வெட்டும் மீயொலிக் கருவியும் உண்டு. இத்தாலிய மருத்துவர் வெர்செல்லோட்டி இதை உருவாக்கியவர்களுள் முதன்மையானவர். விநாடிக்கு ஏறத்தாழ 25,000 முதல் 30,000 முறை அதிரும் அதன் நுனி, கடினமான எலும்பை அறுக்கும். மெல்லிய நரம்போ, உடன் அசைந்து கொடுப்பதால் பெரும்பாலும் தப்பிவிடும். கீழ்க்கடைவாய்ப் பல்லின் வேரருகே கீழுதட்டுக்கு உணர்ச்சி தரும் நரம்பு ஓடுகின்றது. அது அறுபட்டால் உதடு மரத்துப் போய், தேநீர் வழிவதுகூடத் தெரியாது. அத்தகைய இடங்களில் இக்கருவி மதிப்பு வாய்ந்தது. ஆயின் வேலை மெதுவாக நடைபெறும், விலையும் மிகுதி. எல்லா இடத்தும் இருக்கும் என்று எதிர்பார்த்தல் கூடாது. சுழலும் பழைய துளைக்கருவியால் தேர்ந்த கை செய்யும் அறுவையும் நல்ல அறுவையே.

நம் வாய்

நாடு முழுவதும் 11,000-க்கும் மேற்பட்டோரின் வாயைப் பரிசோதித்து 1993, 1994-ஆம் ஆண்டுகளில் ஓர் ஆய்வு நடைபெற்றது. புற்றாக மாறக்கூடிய புண்ணும் திட்டும் சீனரிடையே நூற்றுக்கு அரை விழுக்காடு. இந்தியரிடையே 4 விழுக்காடு. எண்மடங்கு வேறுபாடு! இது குருதியால் வந்ததன்று; பழக்கத்தால் வந்தது. வெற்றிலையோடு சேரும் பாக்கும் புகையிலையுமே இதில் பெரும்பங்கு கொண்டவை. புகையிலை இல்லாவிடில் தீங்கில்லை என்று பலர் எண்ணுகின்றனர். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு மையம் 2004-இல் வெளியிட்ட நூலில், புகையிலை சேராத வெற்றிலைப் பாக்கும், ஏன், பாக்கு மட்டுமே கூட, மனிதருக்குப் புற்றை உண்டாக்கும் என்று முடிவு கூறியுள்ளது.

இப்பழக்கத்தை நாம் ஏளனம் செய்யவில்லை. இருட்டோடு எழுந்து, வெறும் வயிற்றோடு நிரைக்குச் சென்ற நம் தாய்மார்களுக்குச் சுருக்குப் பையில் இருந்த ஒரு வாய் வெற்றிலைதான் பசியையும் களைப்பையும் தாங்க உதவியது. தாம்பூலம் தட்டில் வைத்து அழைப்பது நம் மரபு. அம்மரபுக்கு எவரும் குறுக்கே நிற்கவில்லை. தட்டில் வைப்பது வேறு. கன்னத்தில் அடக்கிக்கொண்டு உறங்குவது வேறு. இரவெல்லாம் ஒரே இடத்தில் ஊறும் பாக்குச் சாறு அந்த இடத்தையே அரிக்கின்றது. பெரும்பாலோர்க்குப் புண் தோன்றுவதும் அவர்கள் வழக்கமாக அடக்கும் அதே கன்னத்தில்தான்.

சுகாதார அமைச்சின் பல் மருத்துவக் குழுவினர், 1990-ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியில் தொடங்கிய திட்டத்தின் கீழ்த் தோட்டங்களுக்கு வந்து வாயைப் பரிசோதித்து வந்துள்ளனர். கைவிளக்கும் வாய்க்கண்ணாடியும் கொண்டு பார்க்கும் எளிய பரிசோதனைதானே என்று இதை இலேசாகக் கருத வேண்டா. கேரள மாநிலம் திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996-இல் தொடங்கி, பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளரைக் கொண்டு ஊர் ஊராக வாயைப் பார்த்தனர். புகையிலை அல்லது மதுப் பழக்கம் உடையோரிடையே வாய்ப் புற்றால் இறந்தோர் தொகை, பரிசோதனை நடைபெறாத ஊர்களைவிட 34 விழுக்காடு குறைந்தது என்று 2005-இல் அறிவித்தனர். இத்தனைக்கும் அங்கே முதலில் பயன்பட்டவை கண்ணும் விளக்கும்தாம். படக்கருவி பின்னர் வந்தது. தோட்டம் செம்பனையாகித் தாமன் வீடுகளுக்குக் குடிபெயர்ந்துவிட்டவர்களை இக்குழுக்கள் தேடிக் காண்பது எளிதன்று. அவர்கள் தாமே அரசாங்கப் பல் மருத்துவ நிலையத்துக்குச் சென்று, வெற்றிலை போடும் பழக்கம் உள்ளதைச் சொல்லி, வாயைப் பார்க்குமாறு கேட்கலாம்.

இரண்டு வாரத்தில் ஆறாத புண், துடைத்தாலும் போகாத வெண்திட்டு அல்லது செந்திட்டு, காரணமின்றி ஆடும் பல், கழுத்தில் வலியில்லாத கட்டி, வாய் திறப்பது குறைதல் ஆகியவற்றைக் கண்டால் காத்திருக்க வேண்டா. வலி இல்லை என்பதால் தீங்கில்லை என்று எண்ணுவது பெரும்பிழை. புற்று தொடக்கத்தில் வலிப்பதில்லை.

ஸ்கேன் அறையில் நடப்பது

கழுத்து ஸ்கேனுக்குப் பட்டினி கிடக்க வேண்டுவதில்லை. படுக்க வைத்து, தோளின் கீழே சிறு தலையணை கொடுத்து, முகத்தை ஒருபுறம் திருப்பச் சொல்வர். கழுத்து நகைகளைக் கழற்ற வேண்டும்; தாலிச்சரட்டைச் சற்றுத் தாழ்த்தி வைத்தாலே பெரும்பாலும் போதும். பசை தடவிக் கருவியை மெல்ல உருட்டுவர். வலிக்காது. கால் மணி நேரம் அல்லது சற்றுக் கூடுதலாக ஆகலாம். உண்ணும்போது வீங்குகின்றதா, எத்தனை நாளாயிற்று, எப்பக்கத்தில் வெற்றிலை அடக்கும் வழக்கம் என்பவற்றை மறைக்காமல் சொல்லுதல் நலம். அட்டையில் குறித்த நாள் தவறிவிட்டால், அட்டையைத் தூக்கி எறியாமல் அதையே எடுத்துக்கொண்டு சென்று வேறு நாள் கேட்கலாம்.

நாம் சந்தித்த மூதாட்டியார் அவ்வாறே வேறு நாள் பெற்று, பேரனை அழைத்துக்கொண்டு ஈப்போ சென்று வந்தார். பொற்சங்கிலியை முதல் நாளே மருமகளிடம் திருப்பிக் கொடுத்துவிட்டாராம். தாடையின் கீழே இருந்தது கல். 8 மில்லிமீட்டர் அளவுடையது. நாக்கின் அடியிலேயே கீறி எடுத்துவிடலாம் என்று கூறியுள்ளனர். அது பற்றி அவருக்குக் கவலையில்லை. ஆனால் கல்லைப் பார்ப்பதற்காக வாயைத் திறக்கச் சொன்ன மருத்துவர், இடக்கன்னத்தின் உட்புறத்தில், அவர் இரவில் வெற்றிலை அடக்கும் இடத்தில், விரல்நகம் அளவுக்கு வெண்திட்டு ஒன்று இருப்பதைக் கண்டு, அதிலிருந்து சிறு துணுக்கை எடுத்துச் சோதனைக்கு அனுப்பியுள்ளார்.

“வீங்கினது வலது பக்கம். அவங்க வெட்டி எடுத்தது இடது பக்கம். மாத்தி வெட்டிட்டாங்களோன்னு பயந்துட்டேன் ஐயா” என்றார். நாம் விளக்கிக் கூறியபின் சிறிது நேரம் பேசாதிருந்தார். பிறகு, இந்த வாரம் முழுவதும் தாம் பாக்கைத் தொடவில்லை என்றும், கை சும்மா இருக்க மறுக்கின்றது என்றும் சொன்னார்.

இக்கட்டுரை அச்சுக்குச் செல்லும் வரையில் சோதனையின் முடிவு வரவில்லை. மருத்துவமனைக்கு மீண்டும் செல்ல வேண்டிய நாளைப் பேரன் கூடத்து நாட்காட்டியில் சிவப்பு மையால் வட்டமிட்டு வைத்துள்ளான்.